உள்ள குண்டு கெடக்கா?

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். பேருந்தில் நிற்கவே இடமில்லை. புளியங்குடியிலிருந்து வாசுதேவநல்லூர் வரை துப்பாக்கியை உடம்போடு ஒட்டி நிறுத்தி, குழல் மேலே பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். ஏறுவதற்கு முன்பே தோட்டாக்களைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டுவிடுவது வழக்கம். அது கூட்டத்துக்குத் தெரியாது. அதனால் என்னைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

எலுமிச்சை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி ஊர் எல்லை தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஏ தாயி, இது நெசத் துப்பாக்கியா?"

"ஆமாம்மா."

"உள்ள குண்டு கெடக்கா?"

"வேலைக்குப் போனதும் போடுவேன்."

"யாரையும் சுட்டிருக்கியா?"

"எறங்குற எடம் வந்துட்டும்மா."

வரவில்லை. இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

மத்திய ரிசர்வ் போலீஸில் இருந்த காலம் முழுக்க என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அங்கே எல்லார் தோளிலும் ஒன்று தொங்கியது. ஓய்வு பெற்று, சொந்த லைசென்ஸில் இந்த இரட்டைக் குழலை வாங்கி, வங்கி வாசலில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்விகள். நகைக்கடன் வாங்க வருகிறவர், பாஸ்புக் பதிய வருகிறவர், வெயிலுக்கு ஒதுங்குகிறவர், எல்லாரும் கேட்பார்கள். வரிசைகூட மாறாது. நெசமா, குண்டு இருக்கா, சுட்டிருக்கியா. அவர்களுக்குப் பதில் முக்கியமில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் பொம்பளையின் குரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் குரலைத் தணித்தே பேசுவேன். ஆயுதத்தோடு நிற்பவள் குரலை உயர்த்தினால் பாதிச் சண்டை அங்கேயே தொடங்கிவிடும்.

சாயங்காலம் செண்பா தென்காசியிலிருந்து போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நீங்க கோவப்படக் கூடாது."

அதே ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இருக்கும் பையனாம். பெயர் பாலவிநாயகம். சிவகிரிக்காரன். வீட்டில் சொல்லிவிட்டானாம்.

"நல்ல பையனா?"

"நல்லவன்மா."

"அப்ப சரி."

அவள் இன்னும் ஏதோ கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். போனை வைக்கக் கொஞ்சம் தாமதித்தாள். நானும்தான்.

புளிக்குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். கொட்டிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 12, புதன்

சாரல் பிடித்துவிட்டது. மலை தெரியவில்லை. குடை பிடித்தவர்களுக்கு என்னிடம் கேள்வி கேட்கக் கை ஒழியவில்லை. நிம்மதியான நாள்.

ஜூன் 16, ஞாயிறு

செண்பா வந்திருந்தாள். கோழி எடுத்தேன். அவளுக்கு ஈரல் பிடிக்கும் என்று நினைத்துத் தனியாக வறுத்தேன். இப்போது சாப்பிடுவதில்லையாம். அவள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கடையநல்லூரில் என் அக்காவுக்குத்தான் தெரியும். அவளுக்கு நான்கு வயதானபோது அவள் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். எனக்கு விடுப்பு முடிந்து ஜம்முவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அக்காதான் வளர்த்தாள். அக்காவை அவள் "நீ" என்பாள். என்னை "நீங்க".

சாப்பிடும்போது கேட்டேன். "அவங்க வீட்டுல என்னையப் பத்தி என்ன சொல்லியிருக்க?"

"பேங்க்ல வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன வேலைன்னு?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். "பேங்க்ல வேலைன்னா பேங்க்ல வேலைதானம்மா."

சரிதான். வங்கியில்தான் வேலை. சம்பளம் வருவதும் அதற்குத்தான்.

கிளம்பும் முன் இன்னொன்றும் கேட்டாள். "அவங்க வீடு பாக்க வரும்போது, அத மட்டும் பெரியம்மா வீட்டுல வச்சிரலாமா?"

"லைசென்ஸ் என் பேருல இருக்கு. வேற வீட்டுல வைக்கக் கூடாது. பூட்டி வச்சிருவேன். யார் கண்ணுலயும் படாது."

"சரிம்மா. சும்மா கேட்டேன்."

பேருந்து ஏற்றிவிட்டு வந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டேன். போன வாரம்தான் போட்டது. இருந்தாலும் மழைக்காலம். யூனிஃபார்ம் இரண்டையும் ஊறவைத்துத் துவைத்தேன். காலர் மடிப்பில் கொஞ்சம் அழுக்கு இருந்தது. போய்விட்டது.

ஜூன் 18, செவ்வாய்

புதிதாக ஒரு அம்மா வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம். மாம்பழ நிறப் புடவை, கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. டோக்கன் எடுக்கவில்லை. பெஞ்சில் எனக்கு நேர் எதிராக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்கள் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பார்கள், பிறகு என்னை. இவள் என்னை மட்டும் பார்த்தாள்.

கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"இதத் தூக்கிக்கிட்டு நிக்கியளே, பயமா இல்லியா?"

இதை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"பயம் இருக்கும்மா. இருக்கது நல்லது. பயம் இல்லாதவங்க கையில இத குடுக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். விரல் நகங்களின் ஓரத்தில் அரிசி மாவு உலர்ந்திருந்தது. மாவு ஆட்டி விற்கிறவளாக இருக்கலாம், அல்லது அவசரமாகக் கிளம்பி வந்தவளாக இருக்கலாம்.

"வீட்டுல கோவம் வந்தா என்ன செய்விய?"

"பாத்திரம் கழுவுவேன்."

"ரொம்பக் கோவம் வந்தா?"

"கழுவுன பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். குடையை மறந்துவிட்டாள். கூப்பிட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

குடைக்கார அம்மா இன்றும் வந்தாள். இன்றும் டோக்கன் இல்லை.

"ராத்திரி இத எங்க வைப்பிய? தலைமாட்டுலயா?"

"அத நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேம்மா."

"பெத்த பொண்ணுட்டயும்?"

"அவளுக்குத் தெரியும். வெளிய சொல்ல மாட்டா."

எனக்குப் பெண் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் தோன்றியது.

கணக்கு இல்லாமல் ஒருவர் அடிக்கடி வந்து வாசலையும் காவலையும் பார்த்தால் மேலாளரிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். ரெங்கராஜ் சார் இளம் வயது, நல்ல மனிதர், எதற்கும் கொஞ்சம் பதறுவார். "நீங்களே விசாரிங்கம்மா, போலீஸ்லாம் வேண்டாம்" என்றார்.

அவள் இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள். போய்க் கேட்டேன். மற்றவர்கள் கேட்டுப் பதில் சொல்லியே பழகியவள் நான். ஒருத்தியிடம் நான் கேட்டது இன்றுதான்.

"எந்த ஊரு நீங்க? என்ன சோலியா வந்திய?"

அவள் குடையின் பிடியைத் திருகினாள். "சிவகிரி. ஒரு கணக்குத் தொடங்கலாம்னு பாத்தேன்."

சிவகிரியில் இல்லாத வங்கியா.

மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. மேலாளரிடம், "ஒண்ணுமில்ல சார், நல்ல குடும்பத்து ஆளு" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் தையல் கடையில் யூனிஃபார்ம் சட்டைக்குப் புது பட்டன் வைத்தேன். பழையது நன்றாகத்தான் இருந்தது. இஸ்திரியும் போட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

செண்பா வரவில்லை. போன்தான்.

"பாலாவோட அம்மா இப்பக் கொஞ்சம் பொறுப்போம்னு சொல்லுதாங்களாம்."

"ஏனாம்?"

"தெரியல. உங்களப் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க போல."

பின்னால் அவள் தோழி குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, நீங்க வேலைய விட்டுட்டா என்ன? பென்ஷன் வருதுல்ல. முட்டி வலிக்குன்னு நீங்கதான சொல்லுவிய."

"யோசிக்கேன்."

"கோவமா?"

"இல்லட்டி."

சாரலில் வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டது. கம்பி விட்டுக் குத்தினேன். வாழைமட்டையும் ஒரு குழந்தைச் செருப்பும் வந்தன. பாத்திரம் எல்லாம் கழுவியாயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

குடைக்கார அம்மா வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது ஒரு பொட்டலம் கொடுத்தாள். முறுக்கு. வேலை நேரத்தில் வாங்கக் கூடாது. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் யாரும் கேட்டால் மாற்றிச் சொல்லக் கூடாது.

மதியத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். சுப்பையா என்பவர் ஓய்வூதியக் கவுன்டரில் நின்று சத்தம் போட ஆரம்பித்தார். எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய அப்பா ஓய்வூதியக்காரர், படுத்த படுக்கை. உயிரோடு இருக்கிறார் என்று நேரில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். இன்று அப்பாவை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளே தூக்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கினால் வலியில் அலறுகிறாராம்.

"எந்திரிச்சு வெளிய வந்து பாத்தா என்ன கொறஞ்சு போவும்?" என்று கேட்டு நாற்காலியை உதைத்தார். நாற்காலி கவுன்டர் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் சத்தம் பெரிது. ஆட்கள் எழுந்து ஓடினார்கள். ரெங்கராஜ் சார் அறை வாசலில் நின்று, "செக்யூரிட்டி" என்று கூப்பிட்டார்.

நான் போனேன். துப்பாக்கி மார்புக்குக் குறுக்கே, குழல் கூரையைப் பார்த்து. விரல் விசைக்கு வெளியே.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க. பேசுவோம்."

அவர் திரும்பினார். குடித்திருக்கவில்லை. பல நாள் தூங்காத கண். என்னைப் பார்த்தார், பிறகு துப்பாக்கியைப் பார்த்தார், ஒரே எட்டில் வந்து குழலைப் பிடித்துக்கொண்டார்.

"சுடுவியா? சுடு பாப்போம். எத்தன பேரச் சுட்டிருக்க? சொல்லு."

மூட்டை தூக்கும் கை. நான் பின்னால் இழுத்தேன், அவர் பக்கவாட்டில் இழுத்தார். குழல் தாழ்ந்து பெஞ்சுப் பக்கம் திரும்பியது. ஓட முடியாத வயசாளிகள் பெஞ்சில் இருந்தார்கள். ஓரத்தில் மாம்பழ நிறப் புடவை.

அப்போது யோசித்தேன் என்று சொல்ல முடியாது. கை செய்தது. குழலைத் திறக்க மேலே இருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் தள்ளினேன். அவர் குழலைக் கீழே இழுத்துக்கொண்டிருந்ததால் துப்பாக்கி நடுவில் அப்படியே மடிந்து திறந்துகொண்டது. இரண்டு தோட்டாவையும் எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"குண்டு இப்ப எம் பைக்குள்ள. நீங்க புடிச்சிருக்கது வெறும் இரும்பு. அப்பா எங்க இருக்காரு?"

அவருக்குப் புரியவில்லை.

"அப்பா எங்கண்ணே?"

"ஆட்டோவுல."

"தனியாவா?"

"ஆட்டோக்காரன் இருக்கான்." குரல் உடைந்துவிட்டது. "வெயிலு மூஞ்சில அடிக்கும். நான் போகணும்."

"போவோம். கவுன்டர்ல உள்ள சாரும் நம்ம கூட வருவாரு. சார், வாங்க சார்."

கவுன்டரில் இருந்தவர் ரெங்கராஜ் சாரைப் பார்த்தார். ரெங்கராஜ் சார் தலையசைத்தார். அவர் காகிதத்தையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். நான்கைந்து பேராகப் படி இறங்கினோம். சுப்பையா அப்போதும் குழலை விடவில்லை. சண்டைப் பிடி இல்லை அது. விழுந்துவிடாமல் இருக்க எதையாவது பிடிப்போமே, அந்தப் பிடி. அப்படியே பிடித்துக்கொண்டு ஆட்டோ வரை என்னோடு நடந்தார். அப்பாவின் கட்டைவிரலைக் காகிதத்தில் வைத்து எடுத்ததும்தான் கையை எடுத்தார். படியில் உட்கார்ந்து அழுதார்.

குடைக்கார அம்மா எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். குடையை விரித்து ஆட்டோவின் வெயில் பக்கத்தை மறைத்து நின்றாள். என்னைப் பார்க்கவேயில்லை.

போலீஸுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று ரெங்கராஜ் சாரே சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காபி குடித்தேன்.

ஜூன் 28, வெள்ளி

என்னை வேலைக்கு வைத்திருக்கும் காவல் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். கேமராவில் பதிந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதில் சத்தம் கிடையாது. ஒருவன் ஆயுதத்தைப் பிடிக்கிறான், காவலாளி உடனே தோட்டாவைக் கழற்றி ஆயுதத்தைச் செயலிழக்க வைக்கிறாள். அதுதான் தெரிகிறது. விதிப்படி அது குற்றம். திங்கட்கிழமை விசாரணை. அதுவரை வர வேண்டாம்.

அவர் சொன்ன விதி சரிதான்.

செண்பா கேட்டது ஒருவகையில் நடந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 29, சனி

காய்கறி வாங்கத் துப்பாக்கி இல்லாமல், சேலையில் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வெண்டைக்காய்க்காரன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தோள் லேசாக இருந்தது. காய்கறிப் பையைக்கூடத் துப்பாக்கி மாட்டும் வலது தோளில்தான் மாட்டியிருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். செண்பா. வருவதாகச் சொல்லவில்லை. உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். யாரோ வங்கிக்குள்ளிருந்து எடுத்த வீடியோ. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். நான் மடக்கியது, தோட்டாவைக் காட்டியது, "அப்பா எங்க இருக்காரு" என்று கேட்டது, எல்லாம் இருந்தது. இதில் சத்தமும் இருந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ வேலையா இருப்பன்னு நெனச்சேன்."

"ஒன் கை நடுங்கவே இல்லியே."

"நடுங்குச்சு. அது வீட்டுக்கு வந்த பெறகு."

"ஒன்" என்றாள். அவள் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காத மாதிரி அடுப்பைப் பற்றவைத்தேன்.

திங்கட்கிழமை விசாரணை என்றும், வேலை போனாலும் போகலாம் என்றும் சொன்னேன். "நீ கேட்டதும் அதுதான" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். பக்கத்தில் வந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். தோசை கருகியது. திருப்பிப் போடக் கை வரவில்லை.

சாப்பிடும்போது சொன்னாள்: "பாலாவோட அம்மாவுக்கு இந்த வீடியோவ நானே அனுப்பிட்டேன். இது எங்க அம்மா, இவங்க வேலை இதுதான்னு எழுதி அனுப்பிட்டேன். வேணும்னா இருக்கட்டும், வேண்டாம்னா போகட்டும்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பாத்துட்டாங்க. நீலக் கோடு வந்துட்டு. பதிலு இல்ல."

"எழுதப் படிக்கச் செரமமா இருக்கும். அவசரப்படாத" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா சொன்னேன். இன்னொரு தோசை வைக்கட்டா?"

ஜூலை 1, திங்கள்

மதுரையிலிருந்து செல்வின் சார் வந்திருந்தார். ராணுவத்தில் இருந்தவர். மேலாளர் அறையில் விசாரணை. உட்காரச் சொன்னார், நான் நின்றேன்.

"அவன்கூட இன்னொருத்தன் வந்திருந்தா? காலித் துப்பாக்கியை வச்சுக்கிட்டு என்ன செஞ்சிருப்பீங்க?"

"அதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல சார். நீங்க கேக்கது நியாயம்தான். ஆனா அவரு இழுத்த இழுப்புல குழல் பெஞ்சப் பாத்துத் திரும்பிட்டு. பெஞ்சுல ஆளு இருந்தாங்க. எங்க ரெண்டு பேர்ல யாரு கை பட்டாலும் வெடிச்சிருக்கும்."

"கேமராவில பெஞ்சு தெரியலியே."

"ஆமா சார். தூண் மறைச்சிருக்கு."

அவர் எழுதிக்கொண்டார். அப்போது கதவு திறந்தது. குடைக்கார அம்மா. பின்னாலேயே, "உள்ள போகக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஊழியர்.

"பெஞ்சுல இருந்தது நான்தான்" என்றாள். மூச்சு வாங்கியது. "குழாய் எனக்கு நெஞ்சுக்கு நேரா இருந்துச்சு. இந்தா, இங்கன. அவங்க அத மடக்கலைன்னா நான் இங்க வந்து பேசிக்கிட்டு நிக்க மாட்டேன்."

செல்வின் சார் அவளை உட்காரச் சொன்னார். அவளும் நின்றாள்.

"உங்க பேரு?"

"பூரணம். சிவகிரி."

"இந்த வங்கியில கணக்கு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அன்னைக்கு இங்க என்ன வேலையா வந்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இவங்களப் பாக்க வந்தேன். அன்னைக்கு மட்டுமில்ல, அதுக்கு முன்னாலயும் வந்தேன். எம் மகனுக்கு இவங்க பொண்ணப் பேசிக்கிட்டு இருக்கோம். பேங்க்ல வேலைன்னாங்க. துப்பாக்கி புடிச்சு நிக்காங்கன்னு பெறவு வெளிய ஒருத்தர் சொன்னாரு. எனக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல. துப்பாக்கி தூக்குத பொம்பள வீட்டுல எப்படி இருப்பாளோ, பொண்ண எப்படி வளத்திருப்பாளோன்னு. அதான் யாருக்கும் சொல்லாம வந்து உக்காந்து பாத்தேன். என்னெல்லாமோ கேட்டேன். எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க."

ரெங்கராஜ் சார் வாயைத் திறந்து என்னைப் பார்த்தார். நல்ல குடும்பத்து ஆளு என்று நான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

செல்வின் சார் பேனாவை மூடினார். அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை, மீசை மறைத்தது. "அப்போ நீங்க இவங்களுக்குச் சம்பந்தியாம்மா?"

நான் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா. சம்பந்திதான்."

"சொந்தக்காரங்க சொல்றதை நான் சாட்சியா எடுத்துக்க முடியாதே."

"அப்ப சாட்சியா எடுக்காதிய. சொந்தமாவே எடுத்துக்கிடுங்க."

செல்வின் சார் என் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒண்ணு. இதே மாதிரி நாளைக்கு நடந்தா என்ன செய்வீங்க?"

என்ன சொன்னால் வேலை நிலைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"இதேதான் சார் செய்வேன்."

வெகுநேரம் எழுதினார். எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு கேமரா வைக்கச் சொல்லிப் பரிந்துரை. புதன்கிழமை முதல் வேலைக்கு வரலாம். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது, "நானா இருந்தா எனக்கு அந்த நெம்பு ஞாபகம் வந்திருக்குமா தெரியல" என்று மெதுவாகச் சொன்னார். அதை எழுதவில்லை.

வெளியே வந்ததும் பூரணம் படியில் நின்றிருந்தாள். சாரல் தூறியது. குடையை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"நான் யாருன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும், மதினி?"

"சிவகிரின்னு சொன்னியள்லா, அப்பவே."

"தெரிஞ்சுமா முறுக்க வாங்குனிய?"

"தெரிஞ்சதுனாலதான் வாங்குனேன்."

பேருந்து நிறுத்தம் வரை ஒரே குடையில் நடந்தோம். அவள் பக்கம் தோள் முழுக்க நனைந்துவிட்டது. சொன்னேன், கேட்கவில்லை.

ஜூலை 3, புதன்

வேலைக்குப் போனேன். பேருந்தில் கண்டக்டர், "வீடியோவுல வந்தது நீங்கதானக்கா?" என்றார். ஆமாம் என்றேன். டிக்கெட் வாங்க மாட்டேன் என்றார். கொடுத்து வாங்கினேன்.

ஜூலை 7, ஞாயிறு

சிவகிரியிலிருந்து வந்து போனார்கள். பூரணம் மதினி, அவள் வீட்டுக்காரர் தெய்வநாயகம், பையன். தெய்வநாயகம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பையன் செண்பாவைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். எனக்குப் பிடித்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம் பார்ப்பது என்று முடிவானது.

கிளம்பும்போது தெய்வநாயகம் தயங்கித் தயங்கி, "இத்தன வருஷம் வெளியூர்ல இருந்திருக்கிய. புள்ளைய விட்டுட்டு இருக்கக் கஷ்டமா இருந்திருக்குமே" என்றார். வழக்கம்போல, "வேலைன்னா அப்படித்தானண்ணே" என்று சொல்லி முடித்துவிட்டேன். செண்பா கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் பாத்திரம் கழுவினாள், நான் துடைத்து அடுக்கினேன்.

"அம்மா, காஷ்மீர்ல மொத மொதல்ல பனி விழுந்தப்ப நீ என்ன செஞ்ச?"

இவ்வளவு காலத்தில் இவள் இதையெல்லாம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"சாப்பாட்டு டப்பாவுல அள்ளி வச்சேன்."

"எதுக்கு?"

"லீவுக்கு வரும்போது ஒனக்குக் கொண்டாந்து காட்டலாம்னு. அப்ப ஒனக்கு அஞ்சு வயசு. அந்த ஊருக் குளிருக்கு அது அப்படியே இருக்கும்னு நெனச்சுட்டேன். பாரக்குக்குள்ள அடுப்பு எரியும்னு தோணல. காலைல தொறந்து பாத்தா தண்ணி."

"அப்பறம் என்ன செஞ்ச?"

"கீழ ஊத்த மனசு வரல. குடிச்சிட்டேன்."

செண்பா கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன். பிறகு அவள் அடுத்ததைக் கேட்டாள். சொன்னேன். அதற்கும் அடுத்ததைக் கேட்டாள். அதையும் சொன்னேன். பாத்திரம் எல்லாம் அடுக்கி முடித்து எவ்வளவோ நேரமாகியும் இரண்டு பேரும் சமையலறையை விட்டு நகரவில்லை.